தூக்க முடிஞ்சா வாங்குங்க!

நம்ம ராஞ்சி தமிழ் நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "சார், காடு மேடெல்லாம் சுத்தற மாதிரி ஒரு பைக் வாங்கலாம்னு இருக்கேன். லோன் எவ்வளவு கிடைக்கும்?"

என்னிடம் லோன் பற்றிக் கேட்டால் பைக் பற்றிப் பேசுவேன், பைக் பற்றிக் கேட்டால் லோன் பற்றிப் பேசுவேன் என்பது ஊரறிந்த விஷயம் :-) "எவ்வளவு கிடைக்கும்னு அப்புறம் பார்ப்போம். விழுந்தா தனியா தூக்குவீங்களா?" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் ஒரு ஞாயிறு. மார்ச் மாத ஆணிகள் எல்லாம் முடிந்து மூச்சு விட்ட நேரம். சக ஆபீசர் ஒருத்தரின் பெரிய பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு லோஹர்தகா பக்கம் போனேன். கிட்டத்தட்ட 200 கிலோ எடை. தார் ரோட்டில் ராஜா மாதிரி போனது. ரோட்டை விட்டு இறங்கி, வற்றிக் கிடந்த ஒரு ஓடையைக் கடக்கும்போது முன் சக்கரம் மணலில் புதைந்தது. பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. காலை ஊன்றினேன், காலும் புதைந்தது. வண்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாக, என் இடது காலின் மேல் படுத்துக்கொண்டது.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் காலை உருவவும் முடியவில்லை. படுத்தபடி எவ்வளவு நெம்பினாலும் வண்டி அசையவில்லை. பெட்ரோல் வாசனை. போனில் சிக்னல் இல்லை. இருபது நிமிஷம் இருக்கும். எனக்கு ஓடியதெல்லாம் ஒரே நினைப்புதான். இதுவே புதுக்கோட்டையாக இருந்தால் மச்சான் வருவான், சித்தப்பா வருவார். இங்கே தங்கமணி யாருக்குப் போன் பண்ணுவாள்? போலீஸ் ஸ்டேஷனில் பேசும் அளவுக்கு அவளுக்கு இந்தியும் வராது.

மஹுவா பூ பொறுக்கிவிட்டு ஒரு பெரியவரும் பேரனும் அந்த வழியாக வந்தார்கள். (மஹுவா வேறு ஒன்றும் இல்லை, நம்ம ஊர் இலுப்பைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்.) கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கினார்கள். பெரியவர் குருக் மொழியில் ஏதோ கேட்டார். அதுவும் நம்ம திராவிடக் குடும்பத்து மொழிதான். எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு வார்த்தை, 'நீன்'. நம்ம 'நீ'தான். அந்த நிலைமையில் அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தங்கமணி சத்தம் போடவில்லை. "ஏங்க, இனிமே வண்டியே ஓட்டாதீங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்களா திரும்பி வர்ற மாதிரி ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றாள். இத்தனை பைக் விமரிசனம் படித்த எனக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை பாருங்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: முதல் ட்ரெயில் பைக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது சிசி இல்லை, எடை.

கணக்கையே பார்ப்போமே. ஹிமாலயன் 450-ன் எடை 196 கிலோ, சுமார் 40 குதிரைத்திறன். எக்ஸ்பல்ஸ் 200 4வி 160 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 19 குதிரைத்திறன். இருக்கை உயரம் இரண்டுக்கும் 825 மில்லிமீட்டர்தான். அதனால் ஷோரூமில் ஏறி உட்கார்ந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. வண்டி மண்ணில் படுத்த பிறகுதான் அந்தக் கிட்டத்தட்ட 40 கிலோ தெரியும். அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றரை!

அப்படியானால் இருப்பதிலேயே லேசான வண்டி போதுமா? அதுவும் இல்லை. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோ. ஆனால் இருக்கை 880 மில்லிமீட்டர். எக்ஸ்பல்ஸ் 200-லேயே ப்ரோ என்ற வகைக்கு 891. என் ஐந்தடி ஐந்தங்குலத்துக்கு இதெல்லாம் யானை மேல் ஏறுகிற கதை. கால் எட்டாத வண்டி அடிக்கடி விழும். கனமான வண்டி விழுந்தால் எழாது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் உடம்புக்கு ஏற்றதைத் தேடுங்கள். இன்னொன்று, கேஎல்எக்ஸ் 230 பெயரோடு 'ஆர்' சேர்ந்திருந்தால் அது பதிவே ஆகாத வண்டி. ரோட்டில் ஓட்ட முடியாது. விலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

"ஹைவேயில் 19 குதிரைத்திறன் எப்படிப் போதும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லாரியை முந்த யோசிக்க வேண்டும், உண்மைதான். வாரா வாரம் 300 கிலோமீட்டர் ஹைவேயில் போகிறவர் பெரிய வண்டியே வாங்கிக்கொள்ளட்டும். ஒற்றையடிப் பாதையில் நாம் போகும் வேகம் இருபதோ முப்பதோதான். ஊருக்கே பைக்கில் போகலாமே என்ற ஆசை இருந்தால், அதற்குத்தான் தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் இருக்கிறது :-) நான் பார்த்த முதல் ஆஃப்ரோடு வண்டி எது தெரியுமா? அப்பா வயல் வரப்பில் உர மூட்டையோடு ஓட்டிய டிவிஎஸ் 50. சேற்றில் சரிந்தால் ஒரு கையால் நிமிர்த்திவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இனி பேங்க்காரன் பேச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350-க்கு மேல் 40 சதவீதமானது. சிசி ஆசைக்கு வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். விழுந்து பழகப் போகிற முதல் வண்டி என்பதால் பழைய வண்டியே நல்லது என்பேன். புதிதாக வாங்குவதென்றால், மாற்றல் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு 2021-ல் வந்த பிஹெச் பதிவு இருக்கிறது. அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நாலு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். அடுத்த மாநிலத்துக்குப் போகும்போது மறுபதிவுக்கு ஆர்டிஓ ஆபீஸ் அலைச்சல் இல்லை. ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ் மூன்றுக்கும் முதலில் ரொக்கம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வண்டி பாருங்கள். பட்ஜெட் இடித்தால் வண்டியில் குறையுங்கள், பூட்ஸில் குறைக்காதீர்கள்.

தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எஞ்சினை அணைத்து, கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்திய வண்டி அந்தப் பக்கம் விழும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டில்பார் முனையில், இன்னொன்று பின்பக்கக் கம்பியில். முதுகை வளைக்காமல், காலால் உந்திப் பின்னோக்கி நடங்கள். வாங்குவதற்கு முன் நண்பரின் வண்டியைப் புல்தரையில் படுக்க வைத்து இதைச் செய்து பாருங்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றாவது தடவை முடியவில்லை என்றால் அது உங்கள் வண்டி இல்லை.

கடைசியாக ஒன்று. நாம் 'ட்ரெயில்' என்று சொல்வது அந்த ஊர்க்காரர்கள் சந்தைக்கும் காட்டுக்கும் நடந்து போகும் பாதை. மார்ச், ஏப்ரலில் விடிகாலையில் மஹுவா மரத்தடியில் பெண்களும் குழந்தைகளும் பூ பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். எஞ்சினை அணைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். நாளைக்கு விழுந்தால் தூக்க வருகிறவர்கள் அவர்கள்தான்.

நான் பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்று வாங்கினேன். இதுவரை ஐந்து தடவை விழுந்தாயிற்று, ஐந்து தடவையும் நானேதான் தூக்கினேன். ஞாயிறு மதியம் செம்மண்ணோடு வீட்டுக்குள் நுழைந்தால் தங்கமணி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை தடவை?" என்பாள். சொன்னதும் சாப்பாடு எடுத்து வைக்கப் போய்விடுவாள்.

நண்பருக்கு லோன் பேப்பர் ரெடி. புல்தரை வேலை இன்னும் பாக்கி.