ஓட்டுநருக்குப் பாடம், உரிமையாளருக்கு விடுமுறை

நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்தால், மறுநாள் காலையில் நாட்டுக்கு ஒரே ஒரு குற்றவாளிதான் கிடைக்கிறார்: ஓட்டுநர். உயிரோடிருந்தால் கைது, இறந்திருந்தால் ‘அதிவேகம், கவனக்குறைவு’ என்ற இரு சொற்களில் விசாரணை அடங்கிவிடுகிறது. பின்னர் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு தீர்வு தவறாமல் ஒலிக்கிறது: இவர்களைக் கட்டாயப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.

பயிற்சி வேண்டும் என்பதில் மறுப்புக்கு இடமில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அதே நாட்டில், இருபது வயதில் வணிக வாகன உரிமம் பெறும் ஒருவர் உரிய காலத்தில் புதுப்பித்து வந்தால், ஐம்பது வயதுவரை மீண்டும் ஓட்டிக்காட்டவே தேவையில்லை. மருத்துவச் சான்றும் கட்டணமும் போதும். அந்த முப்பது ஆண்டுகளில் வண்டியின் பிரேக் மாறிவிட்டது, சாலை மாறிவிட்டது, வேகம் மாறிவிட்டது. கற்பித்தல் மட்டும் முதல் நாளோடு நின்றுவிட்டது.

சட்டமும் எதிர்த்திசையில்தான் நடந்திருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, வணிக வாகன உரிமத்தின் ஆயுள் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. அபாயகரமான சரக்கை ஏற்றிச் செல்வோர் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கவும், அதற்கென ஒருநாள் மீள்பயிற்சி பெறவும் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்த ஓராண்டு மூன்றாண்டாயிற்று. மீள்பயிற்சி என்ற சொல் சட்டத்திலிருந்து அகன்று, விதிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஆகவே கேள்வி பயிற்சி தேவையா என்பதன்று. அந்தக் கட்டாயம் யார்மீது விழ வேண்டும் என்பதே. ‘ஓட்டுநர் சான்றிதழ் கொண்டுவரட்டும்’ என்போர் ஓட்டுநரின் வருமானக் கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை. நடைக்கு இவ்வளவு, படி இவ்வளவு என்று வாழ்பவருக்கு வகுப்பறையில் கழியும் நாள் உலையில் அரிசி விழாத நாள். கட்டணமும் அவருடையது, இழப்பும் அவருடையது என்றால் வகுப்பு நடக்காது. சான்றிதழ் மட்டும் விற்பனையாகும். உரிமத்தையே இடைத்தரகர் வழியாக வாங்கப் பழகிவிட்ட நாட்டில் இதற்கு ஜோதிடம் பார்க்க வேண்டியதில்லை.

இங்கே ஐரோப்பாவை எடுத்துக்காட்டுவோர் பாதியை மட்டும் காட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு ஆணை, லாரி, பேருந்து ஓட்டுநர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணிநேரப் பயிற்சி பெற வேண்டும் என்றது உண்மை. அதே ஐரோப்பாவில் நான்கரை மணிநேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம்; அதைப் பதிவுசெய்யும் கருவி வண்டியிலேயே உண்டு. இந்தியாவிலும் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 48 மணிநேரம் என்று வரம்பு வைத்தது. அந்த வரம்பை நெடுஞ்சாலை லாரி ஓட்டுநரிடம் சொன்னால் சிரிப்பார். இரவெல்லாம் கண்விழித்து ஓட்டுபவருக்கு ‘தூக்கக் கலக்கத்தில் ஓட்டாதீர்’ என்று பாடம் நடத்துவது பயிற்சி ஆகாது, அது கேலி.

2018 செப்டம்பர் 11 அன்று தெலங்கானாவின் கொண்டகட்டு மலைப்பாதையில் அரசுப் பேருந்து பள்ளத்தில் விழுந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் ஏறியிருந்தோர் ஏறத்தாழ நூறு பேர். எந்த வகுப்பு அந்தக் கூடுதல் பயணிகளை இறக்கிவிட்டிருக்கும்? அடுத்த பேருந்தை அனுப்பும் அதிகாரம் ஓட்டுநர் இருக்கையில் இல்லை.

ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் சிறு உரிமையாளர் இந்தச் செலவைத் தாங்க மாட்டார் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்கு விடை, செலவைச் சரக்கு அனுப்பும் பெருநிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் பகிர்வது. அவரைவிட ஏழையான ஓட்டுநரின் தலையில் கட்டுவதன்று. ரயில் எஞ்சின் ஓட்டுநர் மீள்பயிற்சிக்குச் செல்லும் நாள் பணிநாளே. அவருக்குப் பொருந்தும் நீதி பேருந்து ஓட்டுநருக்கு ஏன் பொருந்தாது?

விபத்தில் உயிரிழப்பை ஏற்படுத்தித் தகவல் சொல்லாமல் தப்பினால் 10 ஆண்டு வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்தில் எழுத அரசுக்குத் தயக்கமிருக்கவில்லை. 2024 ஜனவரியில் லாரிகள் நின்ற பிறகே அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனையை அவ்வளவு விரைவாக எழுதிய கை, பயிற்சிநாள் ஊதியத்தை எழுத மட்டும் ஏன் நடுங்குகிறது?

உரிமம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பயிற்சி கட்டாயமாகட்டும். அந்த நாள்கள் ஊதியத்துடன் கூடிய பணிநாள்கள் ஆகட்டும். ஓட்டும் நேரம் கருவியில் பதிவாகட்டும். பயிற்சி பெறாத ஓட்டுநரின் உரிமத்தை முடக்கும் முன், அவரைப் பயிற்சிக்கு அனுப்பாத உரிமையாளரின் பெர்மிட் முடக்கப்படட்டும்.