அணிக்குப் பேர் வைக்குமுன் ஆட்டக்காரனுக்குப் பேர் போடுங்கள்

இலங்கைக்கும் ஒரு தொழின்முறை ஹொக்கி லீக் வேண்டும், அதில் மாத்தளைக்கென்று ஓர் அணி வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலிலும் இவ்வாதம் வந்து சேர்கிறது. கிரிக்கெட்டுக்கு எல்.பி.எல். இருக்கும்போது ஹொக்கிக்கு ஏன் இருக்கலாகாது என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் தவறில்லை. ஆனால் இவர்கள் பேசும்போதெல்லாம் அணியின் பெயர், சீருடையின் நிறம், வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை, தொலைக்காட்சி ஒளிபரப்பு என்பவைதான் முன்னே வருகின்றன. ஆடுகிறவனுக்கு யார், எப்போது, எங்கிருந்து சம்பளம் கொடுப்பார் என்பது கடைசி வரியில்கூட வருவதில்லை. எனது சண்டை அந்த ஒரு விடயத்தைப் பற்றியது.

மாத்தளைக்கு இவ்வுரிமை உண்டா என்றால், வேறெந்த நகரையும்விட அதிகமாகவே உண்டு. இலங்கை ஹொக்கியின் தாயகம் எதுவென்று கேட்டால் விளையாட்டுப் பக்கம் எழுதுகிற எவரும் மாத்தளை என்றே சொல்வர். கிரிக்கெட் மட்டையைவிட ஹொக்கி மட்டையை முதலில் கையில் எடுத்த சிறுவர்கள் வளர்ந்த ஊர் அது. புனித தோமையர் கல்லூரி போன்ற பாடசாலைகள் தேசிய அணிக்குத் தலைமுறை தலைமுறையாக வீரர்களைத் தந்துள்ளன. நந்திமித்ர ஏக்கநாயக்கவின் பெயரில் செயற்கைத் தரையுடன் ஹொக்கி அரங்கமும் அங்கே உண்டு. ஆனால், இத்தனை வீரர்களும் எதனால் சோறு உண்டார்கள்? ஹொக்கியால் அன்று. தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் என்று ஏதாவதொன்றில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு ஹொக்கி ஆடினார்கள். சீருடை அணியாதவனுக்கு ஹொக்கி ஒரு பாடசாலைக் கால நினைவாகவே முடிந்துபோகிறது. மலையகத் தமிழ் இளைஞர்களுக்கு அந்தச் சீருடைப் பாதை எவ்வளவு திறந்திருந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தொழின்முறை லீக் என்றதும் ஆசை பிறப்பது இயல்பு. ஆசைப்படுமுன் அண்டை நாட்டில் நடந்ததைப் பார்ப்போம்.

இந்தியாவில் 2005இல் பிரீமியர் ஹொக்கி லீக் தொடங்கியது. சென்னை வீரன்ஸ் என்று தமிழகத்துக்கும் ஓர் அணி இருந்தது. நான்கு பருவங்களுடன் 2008இல் அது நின்றது. அவ்வாண்டு ஏப்ரலில் அதை நடத்திய இந்திய ஹொக்கிச் சம்மேளனமே ஊழல் குற்றச்சாட்டில் இடைநிறுத்தப்பட்டது. அடுத்து 2012இல் வேர்ல்ட் சீரீஸ் ஹொக்கி வந்தது. பெப்ரவரி 29இல் தொடங்கி ஏப்ரல் 2இல் முடிந்தது. எட்டு அணிகள். சென்னை சீட்டாஸ் அவற்றுள் ஒன்று. இறுதி ஆட்டத்தில் ஷேர்-இ-பஞ்சாப் அணி புனே அணியை 5-2 என்று வென்றது. வாணவேடிக்கை நடந்தது, கிண்ணம் கொடுக்கப்பட்டது. அதன்பின் மாதங்கள் கழிந்தும் ஒப்பந்தப் பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று வீரர்கள் பலர் வெளிப்படையாக முறையிட்டனர். இரண்டாவது பருவம் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் அதன் பேச்சே இல்லாமற் போயிற்று. சர்வதேசச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாத போட்டியாதலால், முறையிடுவதற்கும் அவர்களுக்கு வாசற்கதவு இருக்கவில்லை.

2013இல் ஹொக்கி இந்தியா லீக் வந்தது. ஐந்து பருவங்கள் ஆடி, 2017க்குப் பின் ஏழாண்டுகள் உறங்கி, 2024 டிசம்பர் இறுதியில் மீண்டும் விழித்தது. அந்தப் பருவத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற அணியும் களமிறங்கியது. ஆண்கள் ஆட்டங்கள் நடந்ததோ ஒடிசாவின் ரூர்கேலாவிலும் ஜார்க்கண்டின் ராஞ்சியிலும். தமிழ்நாட்டின் பெயர் சட்டையில் இருந்தது. தமிழ்நாட்டு இரசிகன் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தான்.

அயல்நாட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு மாத்தளை மாவட்டத்துக் கதையையே சொல்கிறேன். தம்புள்ளை மாத்தளை மாவட்டத்து நகரம். எல்.பி.எல். கிரிக்கெட்டில் அதன் பெயரால் ஓர் அணி 2020 முதல் ஆடியது. முதலாண்டு தம்புள்ளை வைக்கிங். 2021இல் தம்புள்ளை ஜயன்ட்ஸ். 2022, 2023 ஆண்டுகளில் தம்புள்ளை ஓரா. 2024இல் தம்புள்ளை தண்டர்ஸ் என்றார்கள். போட்டி தொடங்குமுன்னரே, மே மாதத்தில், ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் அணி உரிமையாளர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதாக, உரிமம் இரத்தாகி அணி தம்புள்ளை சிக்ஸர்ஸ் ஆயிற்று. ஐந்து பருவங்கள், ஐந்து பெயர்கள்! முதல் நான்கு பருவங்களில் தம்புள்ளை மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. ஊரின் பெயரை வாடகைக்கு எடுத்தவர்கள் அந்த ஊருக்கு வாடகையேனும் கொடுத்தார்களா?

எல்கடுவவின் தேயிலை மலைகளில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு என்பதைப் புலம்பெயர்ந்து பிறந்த வாசகர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாளின் கூலி. நிர்ணயித்த இறாத்தல் கொழுந்து பறித்தால் கணக்கப்பிள்ளை முழுப் பேர் போடுவார். நிறை குறைந்தால் அரைப் பேர். பேர் விழவில்லையென்றால் அன்று மலையேறியதும் அட்டை கடித்ததும் மழையில் நனைந்ததும் கணக்கில் இல்லை. எனவே லீக்காரர்களிடம் எல்கடுவக்காரன் கேட்கக்கூடிய கேள்வி மிகவும் எளியது: அணிக்கு ஐந்து பேர் வைத்தீர்களே, ஆடியவனுக்கு எத்தனை பேர் போட்டீர்கள்?

இக்கேள்வியைக் கேட்க அவனைவிடத் தகுதியுள்ளவர் யாருமில்லை. நிலுவை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகிய மூன்றும் அரசின் முகாமையில் இருந்தும், தொழிலாளரின் சேமலாப நிதி, பணிக்கொடை ஆகியவற்றின் நிலுவைகளுக்காகப் பாராளுமன்றத்திலும் அமைச்சரவையிலும் பேசுபொருளானவை. அறிவிப்புக்கும் கைக்கு வரும் காசுக்கும் உள்ள தூரமும் அவனுக்குத் தெரியும். 1,000 ரூபா நாட்கூலி எத்தனையோ மேடைகளைக் கண்டபின்னரே 2021இல் வர்த்தமானியில் வந்தது. 2024 மே தினத்தில் 1,700 ரூபா என்றார்கள். நீதிமன்றம், பேச்சுவார்த்தை என்று அலைந்து, செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவில் வந்து நின்றது. மேடையில் சொன்ன தொகையை வைத்து எவரும் அரிசி வாங்கவில்லை.

விளையாட்டில் கூலி ஏமாற்றப்படுவது ஏழை நாட்டு நோய் என்று நினைப்பவர்கள் கனடாவைப் பார்க்கட்டும். 2019 ஆகஸ்டில் எம்மவர் செறிந்து வாழும் ரொறன்ரோவுக்குப் பக்கத்திலுள்ள பிரம்டனில், குளோபல் ரீ20 போட்டியில் ரொறன்ரோ, மொன்றியல் அணிகளின் வீரர்கள் சம்பளம் தராமல் மைதானத்துக்கு வரமாட்டோம் என்று பஸ்ஸில் ஏற மறுத்தனர். ஆட்டம் தாமதமாயிற்று. 2025 பெப்ரவரியில் பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில் ராஜ்ஷாஹி அணிக்கு நேர்ந்தது அதனினும் கேவலம். வீரருக்கும் சம்பளமில்லை, பஸ் சாரதிக்கும் வாடகையில்லை; தன் பணம் வரும்வரை வீரர்களின் பைகளைத் தரமாட்டேன் என்று சாரதி பஸ்ஸைப் பூட்டிவிட்டார். அந்த முழு லீக்கிலும் தொழிற்சங்க அறிவு உடையவர் அவர் ஒருவர்தான் போலும்!

அதே வட அமெரிக்காவில், வேறொரு வழியும் இருக்கிறது. அங்கே ஐஸ் ஹொக்கியின் உச்சம் என்.எச்.எல். அதற்கு இரண்டு படி கீழே ஈ.சி.எச்.எல். என்றொரு சிறு லீக் உண்டு. 1988இல் ஐந்து அணிகளுடன் தொடங்கி, 2024-25 பருவத்தில் 29 அணிகளாக வளர்ந்தது. ஓர் அணி ஒரு பருவத்தில் 72 ஆட்டங்கள் ஆடுகிறது. பனிக்காலம் முழுவதும் பஸ்ஸிலேயே கழிகிறது. அவ்வீரர்களில் மிகச் சிலரே என்.எச்.எல். வரை ஏறுவர். சம்பளமும் பெரிதல்ல. ஆனால் அது வாரச் சம்பளம். பருவகாலத்தில் தங்குமிடம் அணியின் பொறுப்பு. எத்தனையோ அணிகள் அங்கும் நொடித்துப்போயிருக்கின்றன. எனினும் தனித்து நின்று கையேந்த வேண்டிய நிலை வீரனுக்கு இல்லை. 1967இல் உருவான தொழின்முறை ஹொக்கி வீரர் சங்கம் அவனுக்காக உடன்படிக்கை பேசுகிறது. கூட்டு ஒப்பந்தம் என்ற சொல்லை எல்கடுவ மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எமது விளையாட்டு நிர்வாகிகளுக்குத்தான் விளக்க வேண்டும்.

ஆகவே மாத்தளைக்கு லீக் வேண்டும் என்போரிடம் நான் வைக்கும் நிபந்தனைகள் நான்கு. முதலாவது, பருவத்தின் முதல் விசில் ஊதுமுன் அப்பருவத்துச் சம்பளம் முழுவதும் வங்கிப் பிணையாக வைக்கப்படவேண்டும். வைக்காத உரிமையாளருக்கு அணி இல்லை. இரண்டாவது, வீரர் சங்கம் ஒன்றைச் சம்மேளனம் அங்கீகரித்து, அதனோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யவேண்டும். மூன்றாவது, ஊரின் பெயரைத் தாங்கும் அணி தன் சொந்த ஆட்டங்களில் பாதியையேனும் அந்த ஊரில் ஆடவேண்டும். உரிமையாளர் மாறினாலும் பெயர் மாறக்கூடாது. நான்காவது, ஒவ்வோர் அணியும் தன் மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில் பயிற்றுநர்களை அமர்த்தவேண்டும். எல்கடுவவிலிருந்து மாத்தளை நகரத்துச் செயற்கைத் தரைக்கு மலைப்பாதையில் இறங்கிவரும் பிள்ளைக்கு, மட்டைக்கு முன் பஸ் காசு வேண்டும். அதையும் கணக்கில் சேருங்கள்.

இப்படியெல்லாம் நிபந்தனை விதித்தால் அனுசரணையாளர் யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு பதில் வரும். அறிந்ததுதான். கூலியை உயர்த்தினால் தோட்டம் மூடப்படும் என்று நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் அதே பதிலின் விளையாட்டுப் பதிப்பு இது. சம்பளம் உறுதியாகக் கொடுக்க இயலாதவர் வராமலிருப்பது மாத்தளைக்கு நட்டமன்று. அவர் வந்து, இருபது வயது இளைஞன் ஒருவனைக் கல்வியிலிருந்தோ கையிலிருந்த வேலையிலிருந்தோ பிரித்து, ஐந்து வாரம் ஆடவிட்டு, ஆறாவது வாரம் தொலைபேசியை அணைத்துவிடுவதுதான் நட்டம்.

பெரிய லீக் வேண்டாம். நான்கு ஊர்கள், பத்து வாரங்கள், கோடிகள் இல்லாத ஆனால் தவறாத வாரச் சம்பளம். அதைக்கொண்டு தொடங்குங்கள். அந்தப் பருவம் முடிந்தபின் புள்ளிப்பட்டியலை நான் கேட்கமாட்டேன். சம்பளப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவன் பெயருக்கு நேரேயும் முழுப் பேர் விழுந்திருந்தால், உங்கள் லீக்கை வாழ்த்தி எழுதும் முதல் ஆள் நானாக இருப்பேன்.