குற்றம் தமிழினுடையதா?

மாமாங்கேஸ்வரர் ஆலயத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்கான அறிவித்தலொன்றை, மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அச்சகத்திலே ஓர் இளைஞர் கணினியில் வரைகிறார் எனக் கொள்க. இலஸ்ட்ரேற்றர் மென்பொருளிற் கோபுர உருவத்தை நடுவம் பெயராமலும் அளவு சிதையாமலும் பெருப்பிக்க ஆல்ட், ஷிப்ட் ஆகிய இரு சாவிகளையும் ஒருங்கே அழுத்திக்கொண்டு சுட்டியை இழுத்தல் வேண்டும். ஆனால் விண்டோஸில் இடப்பக்க ஆல்ட்டுக்கும் ஷிப்ட்டுக்கும் வேறொரு கடமையும் உண்டு. ஆங்கிலத்துடன் தமிழும் நிறுவப்பட்டிருப்பின், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவனவும் அவையே. கோபுரம் பெருக்கிறது, சாவிப்பலகையோ தமிழுக்குத் தாவிவிடுகிறது. அடுத்த கருவியை எடுக்க அழுத்தும் ஒற்றையெழுத்துச் சாவி பல வேளைகளில் வாளாவிருக்கிறது. கணினி பழுது என்கிறார் இளைஞர். தமிழைப் போட்டதால் வந்த வினை என்கிறார் அருகிலிருப்பவர்.

இவ்விரண்டாவது கூற்றே கண்டனத்துக்குரியது. வரையும்போது தமிழ்ச் சாவிப்பலகையை நீக்கிவிடுமாறு கற்பிப்போரும் உளர். முள் தைத்த காலையே வெட்டும் வைத்தியம் இது.

தமிழே இல்லாத இடத்தில் நிகழ்ந்ததை இவர்கள் நோக்குவாராக. லினக்ஸில் இயங்கும் கிம்ப் மென்பொருளில் ஆல்ட்டை அழுத்தித் தெரிவுப் பகுதியை நகர்த்த முயன்றோர், சாளரம் முழுவதுமே நகர்வதைக் கண்டு திகைத்தனர். சாளரங்களை ஆளும் நிரல் அச்சாவியை முந்திக் கவர்ந்துகொண்டமையே காரணம். ஆங்கிலம் மட்டுமே அறிந்தோரும் இத்தொல்லைக்கு ஆளாயினர். ஆங்கிலத்தை நீக்குக என எவரும் அவர்களுக்கு உபதேசிக்கவில்லை! நோம் முதலிய சூழல்களில், சாளரத்தை நகர்த்தும் பணி விண்டோஸ் சின்னமுள்ள சாவிக்கு மாற்றப்பட்டது, பூசல் தீர்ந்தது.

அதே நீதி தமிழுக்கும் உண்டு. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, அச்சின்னச் சாவியையும் இடைவெளிச் சாவியையும் சேர்த்தழுத்தி மொழியை மாற்றலாம். சாவிப்பலகைக்குரிய அமைப்புகளிலே, மொழி மாற்றத்துக்கென ஆல்ட்டுக்கும் ஷிப்ட்டுக்கும் இட்ட கட்டளையை நீக்கிவிட்டால் அவை வரைவோருக்கே உரியனவாகும். இரண்டு நிமிட வேலை.

இதனை அறியாமையின் விலையோ பெரிது. அஞ்சியவர்கள் பாமினி எழுத்துருவிடமே தஞ்சம் புகுகின்றனர். அதற்குச் சாவிப்பலகையை மாற்ற வேண்டியதில்லை என்பது மெய்யே. பழைய வரைகலை மென்பொருள்களில் ஒருங்குறித் தமிழ் உடைந்து தோன்றியதும் மெய்யே. ஆயினும் பாமினியிற் பொறித்தது கண்ணுக்குத் தமிழாயினும் கணினியின் நினைவிற் பொருளற்ற உரோம எழுத்துக் கோவைதான். வாவிக்கரை ஊர்களின் கூத்து அரங்கேற்ற அறிவித்தல்களும் கண்ணகை அம்மன் சடங்கு மலர்களும் அவ்வாறு சேமிக்கப்பட்டால், பின்னாளில் ஆராயும் மாணவர் "வடமோடி" என்று தேடி ஒன்றையும் காணமாட்டார். இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இலேயே தமிழ்ச் சாவிப்பலகைக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரத்தை வகுத்துவிட்டது. அதைக் கற்பிக்க வேண்டிய வகுப்பறையிலேயே, இரு சாவிகளின் பூசலுக்கு அஞ்சித் தமிழை வெளியே நிறுத்துகின்றனர்.