செய்தவர் கடையை மூடினாலும்



போன இதழ் வெளியான வாரத்தில் ஒரு அம்மாவின் கடிதம் வந்தது. அவரும் கணவரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்கள். மகன் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மகள் மேற்குக் கரையில். மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டியில் பழையது ஒன்றை வாங்கி, அவசரமில்லாமல் ஊர் ஊராகத் தங்கி, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவர ஆசை. வண்டி பிடித்துவிட்டது, விலையும் கைக்கு எட்டுகிறது. ஆனால் அதைச் செய்த நிறுவனம் நொடித்துவருவதாகப் பேச்சு. "கம்பெனியே போய்விட்டால் இதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம்?" என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்வியோடு நாங்களும் ஒருகாலத்தில் தூக்கமில்லாமல் இருந்திருக்கிறோம். அதனால் இந்தப் பக்கம் அவருக்காக.

2008-இல் அமெரிக்காவில் எரிபொருள் விலை ஏறியது, அடுத்து வங்கிகள் கடன் கொடுப்பதை வெகுவாகக் குறைத்தன. மலிவான எரிபொருள், எளிய கடன் இரண்டையும் நம்பியிருந்த தொழில் வீட்டு வண்டித் தொழில். இழுத்துச் செல்லும் வண்டிகளையும் சேர்த்து 2006-இல் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் 3,90,500 தொழிற்சாலைகளிலிருந்து விற்பனைக்குப் போயின. 2009-இல் போனவை 1,65,700. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மட்டும் கலிஃபோர்னியாவின் ஃப்ளீட்வுட், ஓரிகனின் மொனாக்கோ என்று இரண்டு பெரிய நிறுவனங்கள் திவால் மனு கொடுத்தன. இந்தத் தொழிலையே நம்பி வாழும் இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில் அப்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லாமல் போனது. அந்த நிறுவனங்களின் வண்டிகளை வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பெரும்பாலோர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அன்று செய்த வண்டிகளில் பலவற்றை இன்றும் நெடுஞ்சாலைகளில் பார்க்கலாம்.

காரணம், மோட்டார் ஹோம் ஒரே கொல்லன் பட்டறையில் பிறப்பதல்ல. அடியில் இருக்கும் சேஸியை ஃபோர்டோ ஃபிரெய்ட்லைனரோ ஸ்பார்டனோ செய்திருக்கும். டீசல் வண்டி என்றால் எஞ்சின் பெரும்பாலும் கம்மின்ஸ், கியர்பாக்ஸ் அலிசன். ஜெனரேட்டர் ஓனன். குளிர்பெட்டி நார்கோல்ட் அல்லது டொமெடிக். வெந்நீர்க் கலம், ஏசி, அடுப்பு, தண்ணீர் பம்ப் எல்லாமே வேறு வேறு நிறுவனங்களின் சரக்கு. முகப்பில் பெயர் போட்டிருக்கும் நிறுவனம், இவற்றையெல்லாம் ஒரு வீட்டுக்குள் பொருத்தித் தந்த மேஸ்திரி. மேஸ்திரி ஊரைவிட்டுப் போனால் வீடு இடிந்துவிடாது. எஞ்சினுக்கு லாரி பட்டறை இருக்கிறது, குளிர்பெட்டிக்கு வேறு ஆள் இருக்கிறார்.

ஆனால் மேஸ்திரியோடு போகும் பொருள்களும் உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். முன்பக்க, பின்பக்க ஃபைபர்கிளாஸ் வார்ப்புகள், பக்கவாட்டுச் சாமான் அறைகளின் கதவுகள், முன்கண்ணாடி, அலமாரிக் கதவுகள் போன்றவை அந்த ஒரு வண்டிக்கென்றே செய்யப்பட்டவை. எல்லாவற்றையும்விட அருமையானது வயரிங் வரைபடம். சுவருக்குள் எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்பது செய்தவருக்குத்தான் தெரியும். இன்னொன்று: சில நிறுவனங்கள் சேஸியையும் தாங்களே செய்தன. மொனாக்கோவுக்கு ரோட்மாஸ்டர், கன்ட்ரி கோச்சுக்கு டைனோமேக்ஸ். வாங்கப்போகும் வண்டியின் சேஸி யாருடையது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நாங்கள் வாங்கியதும் அப்படி மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் வண்டிதான். இரண்டாவது கோடையில் லாரியிலிருந்து தெறித்த ஒரு கல் பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டது. எஞ்சினில் கோளாறு என்றால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். அந்தக் கண்ணாடிக்காக மூன்று மாதம் அலைந்தோம். கடைசியில், எங்கள் வண்டியின் மாடலையே வைத்திருந்த முன்பின் தெரியாத ஒரு முதியவர், எந்த அச்சில் வார்த்த கண்ணாடி, எந்தக் கிடங்கில் கிடைக்கும் என்று சொன்னார். தன் வண்டிக்கு அலைந்தபோது குறித்துவைத்திருந்த எண் அது. அந்த ஒரு எண்ணால் எங்கள் வண்டி மறுபடியும் சாலைக்கு வந்தது.

வாரண்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் திவாலானால் புதிய வண்டி வாங்கியவருக்குத்தான் பெரிய அடி. வாரண்டிப் பணத்துக்காக அவர் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். பெயரையும் தொழிற்சாலையையும் வாங்கும் புதிய முதலாளி பழைய வாக்குறுதிகளையும் ஏற்பார் என்ற உறுதி இல்லை. மொனாக்கோவின் பெயர் 2009-இல் நேவிஸ்டாருக்குப் போய், 2013-இல் ஃப்ளீட்வுட்டை வைத்திருந்த அதே குழுமத்தின் கைக்கே வந்தது. பெயர் இப்படி வீடு மாறிக்கொண்டே இருக்கலாம். பத்து வருடப் பழைய வண்டியை வாங்குகிறவருக்கோ, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. இல்லாததை இழக்க முடியாது. மாறாக, நிறுவனம் தள்ளாடுகிறது என்ற செய்தியே விலையைக் குறைக்கும். குறைந்த அந்தத் தொகையைத் தனியே எடுத்துவையுங்கள். நாளைக்குக் கிடைக்காத ஒரு கதவைத் தச்சரிடமோ ஃபைபர்கிளாஸ் பட்டறையிலோ செய்வித்துக்கொள்ள உதவும்.

நிறுவனத்தின் நிலையைவிட வண்டியின் நிலை பத்து மடங்கு முக்கியம். மோட்டார் ஹோமைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். ஏணி போட்டுக் கூரையில் ஏறி, ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினாலோ வெளிச்சுவர் கொப்பளம்போல உப்பியிருந்தாலோ உள்ளே மரம் உளுத்திருக்கக்கூடும். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எனத் தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள், அது பிறந்த வாரமும் வருடமும். 3218 என்றால் 2018-இன் 32-ஆம் வாரம். பட்டை தேயாமல் பளபளத்தாலும் வயதான டயர் நெடுஞ்சாலையில் வெடிக்கலாம். எஞ்சின் எண்ணெயையும் கியர்பாக்ஸ் எண்ணெயையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பரிசோதகரை அமர்த்துங்கள். நிறுவனம் மூச்சோடு இருக்கும்போதே வண்டி எண்ணைச் சொல்லி வரைபடங்களையும் பாகங்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

நிறுவனம் மூடும்போது நாம் வண்டியைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறோம். ஒருநாள் காலையில் வேலையிழந்த அந்தக் கைகளையும் நினைக்க வேண்டும். ஓரிகனில் அப்படி வெளியே வந்தவர்களில் சிலர் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்குப் போய், தாங்கள் செய்த வண்டிகளையே பராமரித்தார்கள். அந்தக் கைகளைத் தேடிப் போங்கள். வரைபடத்தில் இல்லாததும் அவர்களுக்குத் தெரியும்.

சக வண்டிக்காரர்களும் அப்படிக் கைகொடுப்பவர்கள்தான். 1963 ஜூலையில் மெயின் மாநிலத்தின் ஹிங்க்லி என்ற சிற்றூரில், முழுச் சூரிய கிரகணம் பார்க்க வீட்டு வண்டிக்காரர்கள் சிலர் கூடினார்கள். பழைய பேருந்துகளைத் தாங்களே வீடாக்கிக்கொண்டவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். எந்த நிறுவனத்திடம் போய் அவர்கள் பாகம் கேட்பார்கள்? ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்த சங்கம் இன்றும் இருக்கிறது. முதியவர் எங்களுக்குத் தந்த அந்தக் கண்ணாடி எண்ணும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

அம்மா, கூரையும் சேஸியும் நன்றாக இருந்தால் வாங்குங்கள். வாங்கிய பின் எதற்கு எது பொருந்தியது, எங்கே கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் அதே வண்டியோடு தவிக்கப்போகும் யாருக்கோ அது வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்