இலவச மின்னஞ்சலுக்கும் ஒரு விலை உண்டு

அண்மையில் உயர்கல்வி நிறுவனமொன்றுக்கு மின்னஞ்சல், நாட்காட்டி ஏற்பாட்டைத் தெரிவு செய்யும் குழுவில் நானும் அமர நேர்ந்தது. "கூகுளும் மைக்ரோசொஃப்ட்டும் இலவசமாகவே தருகின்றன. ஒரு சதமும் செலவில்லை. இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்றார் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர்.

ஆராய நிறையவே இருக்கிறது என்பதுதான் எனது வாதம்.

2006இல் கூகுள் பல்கலைக்கழகங்களுக்கு இச்சேவையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பின்னர் வரையறையற்ற சேமிப்பிடமும் தந்தது. பல வளாகங்கள் தமது சேர்வர்களை மூடிவிட்டு அங்கே குடியேறின. 2021இல் பேச்சு மாறியது. ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் மட்டுமே இலவசம் என்றார்கள். 10,000 பேர் உள்ள வளாகத்தில் ஆளுக்கு 10 ஜிகாபைட் தான். 2024இல் மைக்ரோசொஃப்ட்டும் இதே போன்ற எல்லையை விதித்தது. மேலதிக இடம் வேண்டுமாயின் பணம் கட்ட வேண்டும். அதுவும் டொலர் கணக்கில். 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறக்கவில்லை.

அப்படியானால் சொந்த சேர்வர் வைப்பதா? அதற்கும் மின்சாரம், பிரதியெடுத்தல், இரவிலும் விழித்திருக்கும் ஊழியர் எனச் செலவுகள் உண்டு. பராமரிப்புப் பிசகினால் நாம் அனுப்பும் கடிதங்கள் மற்றவர்களின் குப்பைப் பெட்டியில் போய் விழும்.

நாட்காட்டிக்கு நான் ஒரு சோதனையை முன்வைத்தேன். கணனியில் வரும் விடுமுறைப் பட்டியல் முன்கூட்டியே கணித்தது. நமது பெருநாளோ பிறை கண்ட இரவில்தான் உறுதியாகிறது. அந்த இரவில் ஒரு பரீட்சைத் திகதியை மாற்றினால், விடிவதற்குள் அது எல்லா மாணவர்களின் கைத்தொலைபேசிக்கும் போய்ச் சேருமா? விலைப்பட்டியலை விட இச்சோதனை கூடுதலாகச் சொல்லும்.

முக்கியமான கேள்வி கடைசியில்தான் வருகிறது. நாளை விலகுவதாயின், பல வருடக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பொதுவான வடிவில் வெளியே எடுத்துச் செல்ல முடியுமா? எத்தனை நாட்களில்? யார் செலவில்? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும் வரை ஒப்பமிடக் கூடாது என்றேன். மாணவரதும் விரிவுரையாளரதும் கடிதங்கள் நம்மிடமுள்ள அமானிதம்.

கடையொன்றை வாடகைக்கு எடுக்கும்போது, வெளியேறும் நிபந்தனையை வாசிக்காமல் நம்மில் எவரும் கையெழுத்திடுவதில்லை. வாடகை இல்லை என்று சொன்னால் இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும்.