கேள்விக்குறியைக் கைவிடாதீர்கள்

மாணவர்களே, பாகான் நக்கோடா ஓமாரில் வசிக்கும் ஐந்தாம் படிவ மாணவி ஒருவர், தம் பள்ளி நூலகத்துக்கு ஓர் இணையப் பக்கம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எச்.பி. மொழியில் எழுதிய பக்கம். பெயரைத் தட்டினால், அவர் இரவல் வாங்கிய புத்தகங்களைத் தரவுத்தளம் காட்டும். எல்லாப் பெயர்களும் சரியாக வருகின்றன. 'டிகுரூஸ்' என்ற பெயரை ரோமன் எழுத்தில் தட்டியதும் பக்கம் நின்றுவிடுகிறது.

அப்பெயரின் முதல் எழுத்தை அடுத்து ஒரு மேற்கோள் குறி வருகிறது. 'டத்தோ' பட்டத்தின் இறுதியிலும் அதே குறி உண்டு. பெயரை வினவலோடு ஒட்டி எழுதினால், அந்தக் குறியோடு பெயர் முடிந்துவிட்டதாகத் தரவுத்தளம் எண்ணிக்கொள்கிறது. மிச்சத்தைக் கட்டளையாகப் படிக்கிறது.

இதற்கு மருந்து, முன்தயாரிப்பு வினவல். அது அச்சடித்த பாரம் போன்றது. மதிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வினவலை எழுதுகிறோம். மதிப்பைப் பிறகு தனியாகக் கொடுக்கிறோம். பாரத்தின் கட்டத்தில் நீங்கள் எதை எழுதினாலும், அச்சடித்த கேள்வி மாறாது அல்லவா?

ஆனால், இந்த வினவல் முதல் முயற்சியில் வேலை செய்யாவிட்டால், சிலர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ஒட்டு வேலைக்கே திரும்புகிறார்கள். அது தவறு என்பதே என் வாதம். கோளாறு பெரும்பாலும் நாம் பாரத்தை அமைத்த விதத்தில்தான் இருக்கும்.

நான்கு இடங்களைப் பாருங்கள். முதலாவது, கேள்விக்குறியை மேற்கோளுக்குள் அடைத்தீர்களா? அடைத்தால் அது வெறும் எழுத்து, கட்டம் அல்ல. இரண்டாவது, கேள்விக்குறிகளின் எண்ணிக்கையும் கொடுத்த மதிப்புகளின் எண்ணிக்கையும் ஒன்றா? மூன்றாவது, பெயரின் ஒரு பகுதியை மட்டும் தேடுகிறீர்களா? விழுக்காட்டுக் குறியை வினவலில் அல்ல, மதிப்போடு சேர்த்துக் கொடுங்கள். நான்காவது, அட்டவணையின் பெயரையோ பத்தியின் பெயரையோ கேள்விக்குறி வழியாக அனுப்பினீர்களா? அவை பாரத்தில் அச்சடித்த பகுதி. கட்டத்தில் நிரப்ப முடியாது. வரிசைப்படுத்தும் பத்தியை அப்படி அனுப்பினால் பிழைச் செய்தியே வராமல் போகலாம், பட்டியலும் வரிசைப்படாது.

பிழை வாய் திறக்காவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? பி.எச்.பி.யின் பி.டி.ஓ. இணைப்பு, முன்பு வினவல் தோற்றாலும் தானாக எதுவும் சொல்லாது. 2020இல் வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்துதான் பிழையை உடனே எழுப்புவது இயல்பானது. பழைய பதிப்பில் வேலை செய்தால், அந்த வசதியை நீங்களே இயக்குங்கள். பக்கத்தைப் பொதுமக்களுக்குத் திறந்த பிறகு, பிழைச் செய்தி திரையில் தெரியக் கூடாது. பதிவுக் கோப்புக்குப் போக வேண்டும்.

"பள்ளிச் செயல்திட்டத்துக்கு இவ்வளவு எதற்கு?" என்று கேட்கலாம். 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பழைய இணையப் பக்கங்கள் வழியாக, வினவலுக்குள் கட்டளையை நுழைத்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திருடினார்கள். மறு ஆண்டு அந்நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண் அபராதம். அந்த ஊடுருவல் தொடர்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் 17 வயது இளைஞரும் ஒருவர். ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

நூலகப் பட்டியலில் இருப்பவை உங்கள் நண்பர்களின் பெயர்கள். நம்பிக் கொடுத்தவை. ஆகவே, வினவல் தோற்றால் கேள்விக்குறியை அழிக்காதீர்கள். பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள். வேலை முடிந்ததும், மேற்கோள் குறி உள்ள ஒரு பெயரை நீங்களே தட்டிப் பாருங்கள். அதையும் தாங்கினால்தான் உங்கள் பக்கம் தயார்.