‘ஆம்பளை மாதிரி நட!’

பிறையில் பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் குளுகோர். பட்டர்வொர்த்காரர்களுக்கு அது வேறு ஊரே அல்ல. நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போய்வரும் வழி. 2017 ஜூன் மாதம் அங்கேதான் நவீன் என்ற 18 வயதுப் பையன் கொடூரமாகத் தாக்கப்பட்டான். இசை படிக்கக் கோலாலம்பூர் போகவேண்டிய பிள்ளை. ஜூன் 15-ஆம் தேதி பினாங்கு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. பெண்ணைப் போல இருக்கிறான் என்று பள்ளி நாளிலிருந்தே அவனைக் கேலி செய்தார்கள் என்றார்கள் வீட்டார்.

அன்று நாமெல்லாம் அழுதோம். ஆனால், அந்தக் கேலியைப் பிள்ளைகள் எங்கே கற்றார்கள் என்று கேட்டோமா?

நம் வீட்டில்தான். ஐந்து வயது மகன் விழுந்து அழுதால், ‘என்னடா பொம்பளை மாதிரி?’ என்கிறோம். கல்யாண வீட்டில் ஒல்லியான பையனைப் பார்த்து, ‘காத்தடிச்சா பறந்துடுவான் போலிருக்கே’ என்று மாமா சொல்ல, பந்தியே சிரிக்கிறது. குள்ளம், கறுப்பு, மீசை முளைக்காத முகம், உடையாத குரல் எதையும் விட்டுவைப்பதில்லை. மெல்ல நடந்தால் ‘பொண்டான்’. பெண் பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேசினால் இன்று தட்டிக்கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். பையன் என்றால் அவனுக்கு வலிக்காது என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த எண்ணத்துக்கு ஒரு பின்னணி உண்டு. காடு திருத்தவும் தண்டவாளம் போடவும் துறைமுகத்தில் மூட்டை இறக்கவும்தான் நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். வலுவுள்ள உடம்புக்குத்தான் கூலி. பயந்தவனும் நோஞ்சானும் பிழைக்க முடியாத காலம் அது. ஆனால், இருட்டோடு எழுந்து பால்மரம் சீவிய பாட்டிகளுக்கும் அதே வலு இருந்ததே! அதை யாரும் ஆண்மை என்று சொல்லவில்லை. இன்று பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன்களைப் பாரந்தூக்கி இயந்திரம் தூக்குகிறது. பிறைத் தொழிற்சாலைகளில் விரல் நுனி வேலைதான் சோறு போடுகிறது. வேலை மாறிய பிறகும், பையன்களின் தோளையும் மார்பையும் பார்த்து எடைபோடுவதை நாம் விடவில்லை.

அரசு அதிகாரிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. 2011-இல் திரங்கானு மாநிலத்தில், பெண்மை தெரிகிறது என்று ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த 66 மாணவர்களை, ‘திருத்துவதற்காக’ பெசுட்டில் நடந்த முகாமுக்கு அனுப்பினார்கள். மத்திய பெண்கள் அமைச்சரே அதைக் கண்டித்தார். எந்தக் குற்றமும் செய்யாத பிள்ளைகள் அவர்கள்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர். அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர்கள். வறுமையும் பாதியில் நின்ற படிப்பும் பெரிய காரணங்கள்தான். ஆனால், பயம் காட்டத் தெரிந்தவனே ஆண் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு, கும்பல் கொடுக்கும் மரியாதை இனிக்கத்தானே செய்யும்? அந்த வழிக்குப் போகாதவர்களிலும் சிலர் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் ஊக்கமருந்து ஊசியை நம்பி, இதயத்தையும் பிள்ளைப்பேற்றையும் பணயம் வைக்கிறார்கள்.

2025 ஜூலையில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டுப் பகடிவதை தனிக் குற்றமாகிவிட்டது. நல்லது. ஆனால், காவல் நிலையம் வரை போவதற்குள் ஒரு பிள்ளை எத்தனை நாள் கழிப்பறையில் ஒளிந்திருப்பான், எத்தனை நாள் பள்ளிக்கே போகாமல் இருப்பான்! நம் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசட்டும். நடையையும் குரலையும் உடம்பையும் வைத்துச் செய்யும் கேலி, அடிதடியைப் போலவே புகார்ப் பதிவேட்டில் ஏறவேண்டும். கேலி செய்தவர் ஆசிரியராகவோ விளையாட்டுப் பயிற்றுநராகவோ இருந்தாலும் ஏறவேண்டும்.